முன்சக்கரம் இழுக்காத செவ்வாய்க்கிழமை

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. "அவனுக்குப் பொண்டாட்டி எதுக்கு, அதான் வாசல்ல நிக்குதே" என்று அம்மா ஜீப்பைக் காட்டிச் சொல்வாள். பட்டாளத்து ஏலத்தில் யாரோ எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அவருக்கும் வேண்டாமல் போய், திண்டிவனத்தில் ஒரு பட்டறை வாசலில் கிடந்த வண்டி அது. அதைச் சித்தப்பா ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார் என்பது அவர் சொல்வது. கடைசி இரண்டு மைலுக்கு ஏர்மாடு கட்டி இழுத்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அதை எப்படியோ ஓட வைத்துவிட்டார். மல்லாட்டைக் கடலை மூட்டை, உர மூட்டை, கல்யாண வீட்டு அண்டா, எதுவானாலும் ஏற்றுவார். அனந்தபுரம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பாதி ஊர் அதில் தொங்கிக்கொண்டு வரும். வாங்குகிற டீசலுக்கு அது போகிற தூரத்தைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். "எதுக்குப்பா இந்தப் பேஜாரு?" என்று யார் கேட்டாலும் சித்தப்பாவிடம் ஒரே பதில்தான்.

"இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிங்க."

மற்ற வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் தள்ளும், முன்சக்கரம் சும்மா கூட உருளும், அவ்வளவுதான். இந்த ஜீப்பில் கியர்க் கம்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. அதை முன்னால் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எவ்வளவு சேறானாலும் ஏறி வந்துவிடும். முந்தின வருஷத்து மழையில் இரண்டு மூன்று தடவை இதை நானே பார்த்தேன். சேற்றில் இறங்குவதற்கு முன்னால் சித்தப்பா வண்டியை நிறுத்துவார். இறங்கிப் போய், குனிந்து, முன்சக்கரம் இரண்டையும் தொட்டுவிட்டு வந்து ஏறுவார். பிறகு குட்டைக் கம்பியைத் தள்ளுவார். வண்டி உறுமிக்கொண்டு போகும். கோயில் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவதில்லையா, அது மாதிரி ஒரு பக்தி என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா சாமி கும்பிட்டு நான் பார்த்ததும் அந்த ஒரு இடத்தில்தான்.

அப்போது எங்கள் வீட்டில் சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு ஐந்து வருஷமாகக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் என்னைப் பிடித்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தாள். அவளுக்கு அந்த வேலை மேல் இருந்த ஆசையை என்ன சொல்வது? தபால்காரர் சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்டாலே கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஒருமுறை மாவு அரைத்த கையோடு வந்து நின்றாள். தபால்காரர் அவளைப் பார்த்தாலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவது பழக்கமாகிவிட்டது.

சித்தியும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை நேராகப் பேசினதில்லை. கல்யாணமாகாத பெண், கல்யாணமாகாத ஆண்பிள்ளை, எப்படிப் பேசுவார்கள்? அதற்குத்தான் பத்து வயதில் நான் இருந்தேன். "ஒங்க சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் சித்தி, சித்தப்பா நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. "இதோ வர்றேன்னு ஒங்க சித்திகிட்ட சொல்லு" என்பார் அவர். இரண்டையும் நான் ஒழுங்காகத் திருப்பிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தானே கேட்கிறது, பின்னே என்னை ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஜீப்பைக் கழுவித் துடைத்து, சந்தனமும் திருநீறும் பூசுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முகப்பு விளக்குக்கு, ஸ்டியரிங்குக்கு, டீசல் டேங்குக்கு எல்லாம் பட்டை போட்டேன். முன்சக்கரங்களின் நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ் இருந்தது. அதன் மேல் வரப்பு மாதிரி ஒரு மேடு. அதையொட்டிப் பட்டை போட்டால் கோணலாக விழுந்தது. சாமிக்குக் கோணலாகவா போடுவது? குமிழைப் பிடித்துத் திருகினேன். முதலில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முக்கினேன். 'டக்' என்று உள்ளே ஏதோ விழுந்து, வரப்பு நேராக வந்தது. ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் கோணலாகவும் இருந்தால் நன்றாக இருக்காதே என்று, அந்தப் பக்கத்து முன்சக்கரத்திலும் போய்த் திருகினேன். அங்கேயும் 'டக்'. பட்டை அழகாகத்தான் வந்தது. ஆனால் எதையோ உடைத்துவிட்டேனோ என்று பயம் வந்தது. பழையபடி திருப்பி வைக்கப் பார்த்தால் சந்தனக் கை வழுக்கிக்கொண்டு போகிறது. யாரும் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சக்கரம் கழன்று ஓடாததால் சாமிக்கு நன்றி சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் அடித்தது. ஏரி உடைந்து ரோட்டை அறுத்துக்கொண்டு போனதில் பஸ் எல்லாம் நின்றுவிட்டது. தபாலும் நின்றது. எட்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, கொஞ்சம் மழை விட்டு வெளிவாங்கியதும் தபால்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிள் இல்லாமல் நடந்தே வந்தார். தெருக்கோடியிலிருந்தே தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டு வந்தார். சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடலூரிலிருந்து வந்த ஆர்டர். அப்போது எங்களுக்கு ஜில்லா தலைநகர் அதுதான். மரக்காணத்துக்கு இந்தப் பக்கம், கடலோரக் குப்பம் ஒன்றில் தொடக்கப் பள்ளி. இன்ன தேதிக்குள் வேலையில் சேர வேண்டும், தவறினால் இந்த ஆணை தானாகவே ரத்தாகிவிடும். அப்பா உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், தேதியில் வந்ததும் நிறுத்தினார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தத் தேதி. பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடுவார்கள். இப்போதே மணி பதினொன்றரை.

"பஸ்ஸு இல்லியே" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

எல்லாரும் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்கள். அத்தனை நாள் கேலி பேசிய அத்தனை பேரும். ரொம்ப நாளாகக் காத்திருந்த பெருமையான நேரம் அல்லவா, சித்தப்பா மார் நிமிர்த்திக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தூணில் சாய்ந்து நின்று விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா "டேய், ஜல்தி" என்று அதட்டின பிறகுதான் சாவியை எடுக்கப் போனார்.

கிளம்புகிற நேரத்தில் அம்மாவுக்கு அழுகை நின்று புத்தி வந்தது. வயசுப் பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது? அப்பாவுக்கு உடைந்த மடையைப் பார்க்கப் போக வேண்டும். ஆகவே என்னைத் துணைக்கு ஏற்றினார்கள். "ரெண்டு பேருக்கும் நடுவுல குந்திக்கோ. தூங்கிடாத" என்று அம்மா காதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்ப்பாடு முழுசாக வராத என்னை நம்பி ஒரு டீச்சரையே ஒப்படைக்கிறார்களே!

வழி நெடுக மரம் விழுந்து கிடந்தது. "மணி என்னான்னு ஒங்க சித்தப்பா கேக்கணுமா, ஒண்ணு ஆவப்போவுதுன்னு சொல்லு" என்றாள் சித்தி. அவர் கேட்கவே இல்லை. "போய்டலாம்னு சொல்லு" என்றார் அவர். நான் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மரக்காணம் ரோட்டிலிருந்து குப்பத்துக்குப் பிரிகிற இடத்தில் தார் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஐந்து மைலும் மண் பாதை. ஒரு பக்கம் கழுவெளி என்கிற உப்பங்கழித் தண்ணீர், இன்னொரு பக்கம் உப்பளம், நடுவில் களி மண்.

சித்தப்பா வண்டியை நிறுத்தவில்லை. இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொடவும் இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றரை மைல் எப்படியோ வளைந்து நெளிந்து போனோம். அப்புறம் பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. அவர் குட்டைக் கம்பியை முன்னால் தள்ளினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்சக்கரம் சேற்றை வாரி வாரி இறைத்தது. முன்சக்கரம் அசையவே இல்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"முன்சக்கரம் இழுக்கல" என்றார் சித்தப்பா.

எனக்குப் பகீர் என்றது. 'டக்' என்ற அந்தச் சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

சித்தப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் கம்பியின் அடியில் தகடு ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பானரால் இரண்டு போல்ட்டை முடுக்கினார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துக் கம்பியைத் தள்ளச் சொன்னார். "வுழுதா?" என்று கீழிருந்து கேட்டார். "வுழுது" என்றேன். "இழு. மறுபடி தள்ளு. இப்ப?" "இப்பவும் வுழுது." பிறகு ஜாக்கியை எடுத்தார். சேற்றில் ஜாக்கி இறங்கிக்கொண்டே போயிற்று, வண்டி ஏறவில்லை. உப்பள வரப்பிலிருந்து ஒரு பலகையைச் சித்தி தூக்கிக்கொண்டு வந்தாள். பலகை மேல் ஜாக்கியை வைத்து ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றியது. "கியர் பாக்ஸ்ல எண்ணெய் இக்குதான்னு பாக்கணும்" என்று மறுபடி அடியில் போனார். பார்த்தார். எண்ணெய் இருந்தது. முன்பக்கத்துக்குப் போகிற ராடைத் தட்டிப் பார்த்தார். ராடும் நன்றாகத்தான் இருந்தது. எல்லாமே நன்றாக இருந்தது, வண்டி மட்டும் நகரவில்லை.

சித்தி கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக நின்றாள். இரண்டே கால். இரண்டரை. ஆர்டர் காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். அழாததால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சொன்னால் சித்தப்பா அடிப்பார். சொல்லாவிட்டால் சித்திக்கு வேலை போகும். அவள் மறுபடியும் ஐந்து வருஷம் வாசலில் நின்று தபால்காரர் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், என்னால். இப்படி நினைத்து நினைத்து எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரத்தில், ரோட்டோரத்தில் மீன் விற்றுவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா காலிக் கூடையோடு வந்தாள். அவளுக்கு அந்தச் சேறு ஒரு பொருட்டே இல்லை. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நின்றாள்.

"இன்னா தம்பி, இத்தினி சக்கரம் இந்தும் நவுரலியா?"

சித்தி விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "நீதான் புது டீச்சரா? காலையில கூட வாத்தியாரு சொல்லிக்கினு இந்தாரு. இன்னிக்கு வர்லன்னா ஆர்டரு கேன்சலு, அப்பறம் எந்தக் காலத்துல ஆள் போடுவாங்களோன்னு. ரெண்டு வருசமா ஒத்த வாத்தியாருதாம்மா. எம் பொண்ணு பள்ளிக்கூடத்து வாசல் பெருக்கிட்டு வூட்டுக்கு வந்துடுது, எங்க படிக்குது? நாலு மணிக்கு டாண்ணு பூட்டிக்கினு பூடுவாரு அவரு."

"நடந்து போனா எவ்ளோ நேரமாவும்?" என்று சித்தி கேட்டாள்.

"எனக்கு ஒரு மணி நேரம். ஒனக்கு ஒன்றரையாவது ஆவும். நடுவுல ஓடை ஒண்ணு இக்குது. இடுப்பளவு தண்ணி. நான் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போறேன், வா."

அப்போது மணி இரண்டே முக்கால். எனக்கே கணக்குப் புரிந்தது. நடந்தால் நாலேகால், ஓடையில் தாமதம் ஆனால் நாலரை. ஆனால் சித்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

சித்தப்பா மூன்றாவது தடவையாக அடியில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. மீன்காரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சித்தியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் தம்பி, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா, ஒனக்கா?"

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. சித்தி நாலடி போனவள் திரும்பி வந்தாள். சேற்றில் நின்றுகொண்டு, ஜீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்துப் பேசினாள். "ஒங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பிக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு மரக்காணத்துலர்ந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸு இக்குதுங்க. ஞாயித்துக்கெழம பூரா நான் வூட்லதான் இருப்பேன். வேலைக்குப் போனா ஒரேடியா போய்டறதா அர்த்தம் இல்லீங்க."

சேற்றில் நீட்டியிருந்த கால் இரண்டும் மெல்ல மடங்கின.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி நகராமல் உயிர் போகிற நேரத்தில் பஸ் டைம் யாருக்கு வேண்டும்? அதுவும் பஸ்தான் ஓடவில்லையே, அதனால்தானே ஜீப்பில் வந்தோம்! சித்திக்குப் பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். எல்லாம் என்னால். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டிரைவர் சீட்டிலிருந்து குதித்து ஓவென்று கத்தி அழுதேன்.

"நான்தான் சித்தப்பா! நான்தான் திருப்பினேன்! ஆயுத பூஜைக்குப் பட்டை கோணலா வந்திச்சின்னு குமிழத் திருப்பிட்டேன்! டக்குன்னு வுழுந்திடுச்சி! சித்திய வேலையில சேத்துக்கச் சொல்லு சித்தப்பா!"

சித்தப்பா அடியிலிருந்து வெளியே வந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் களிமண். முதலில் சித்தியைப் பார்த்தார். சித்தி கழுவெளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தார். எவ்வளவு பெரிய அடி விழப் போகிறதோ என்று நான் கன்னத்தை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டார். சேற்றுக் கையாலேயே என் கண்ணைத் துடைத்தார், அதனால் கண் இன்னும் எரிந்தது.

"அடிப் பாவி! நீதானா அது?" என்றார். அவருக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை சொன்ன. நீ சொல்லலன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்!"

என்னைத் தூக்கியபடியே ஒரு முன்சக்கரத்துக்குப் போனார். குமிழின் மேல் சேற்றை வழித்தார். சந்தனக் கறை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே கையால் திருகினார். டக். சுற்றிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். டக். ஏறி உட்கார்ந்து குட்டைக் கம்பியைத் தள்ளி மிதித்தார். முன்சக்கரம் இரண்டும் ஒரு உதறு உதறிச் சேற்றைக் கவ்விப் பிடித்து இழுத்தன. வண்டி பள்ளத்திலிருந்து ஏறி மேட்டில் நின்றது. மீன்காரம்மா கூடையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் குலவை போட்டாள். அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டோம். ஓடையில் தண்ணீர் வண்டிக்குள்ளேயே வந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா அது!

மணி மூன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். அந்த ஒத்தை வாத்தியாரான தலைமையாசிரியர் வாசலிலேயே கையில் பூட்டோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேசை மேல் பதிவேட்டை விரித்து, "பிற்பகல்னு போட்டுக் கையெழுத்து போடுங்கம்மா" என்றார். சித்தி பேனாவைத் திறந்தாள். எனக்கு அத்தனை கண்டிப்பாகக் கையெழுத்துப் பழக்கிய சித்தி, தன் கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் அழுதாள். ஜன்னலில் குப்பத்துப் பிள்ளைகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறி நின்று, டீச்சர் அழுகிறதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி தலைமையாசிரியர் வீட்டிலேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு ஆயிற்று. நானும் சித்தப்பாவும் திரும்பினோம். சேறு வருகிற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, "போ, நீயே போய் லாக்கு வுழுந்து இக்குதான்னு பாரு" என்றார். நான் இரண்டு குமிழையும் பெரிய மெக்கானிக் மாதிரி தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். திண்டிவனத்தில் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். "வூட்ல யாரு கேட்டாலும் சேத்துல மாட்டிக்கினோம், வந்துட்டோம்னு மட்டும் சொல்லு. குமிழு கதையெல்லாம் வேணாம். இன்னா?" என்றார். தலையைத் தலையை ஆட்டினேன். இப்படிக் காட்டிக்கொடுக்காத சித்தப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்து எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. முறை மாற்றிக் கூப்பிடுகிற சிரமம்கூட எனக்கு இல்லை. சித்தி சித்தியாகவே இருந்தாள், சித்தப்பா சித்தப்பாவாகவே இருந்தார். தூது போகிற வேலை மட்டும் எனக்குப் போயிற்று.

இருபது வருஷம் கழித்து நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தபோது, ஒரு மழை நாளில் வயல் பார்க்க ஆபீஸ் ஜீப்பில் போனேன். சேறு வந்தது. டிரைவர் நிறுத்தினார். இறங்கிப் போனார். குனிந்து இரண்டு முன்சக்கரத்தின் குமிழையும் டக், டக் என்று திருப்பிவிட்டு வந்து ஏறினார். "இதை எப்பவும் திருப்பணுமா?" என்று கேட்டேன். "ஆமாங்க மேடம், நல்ல ரோட்ல ஃப்ரீயில வுட்ருவோம். சேறு வந்தா லாக்குல போட்டாத்தான் முன்சக்கரம் இழுக்கும். இது தெரியாதவன் ஜீப்பு ஓட்ட முடியுமாங்க?" என்றார்.

சித்தப்பாவுக்கு அது தெரியும். மழைக்கு மழை அவர் இறங்கிப் போய்த் தொட்டது அதற்குத்தான். பூஜையன்று நான் அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது; சேறு வந்தால் இறங்கிச் சரி செய்துவிடுகிறவர், அந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே இறங்கவில்லை. இது புரிந்த அந்த ஒரு நாள் பூராவும் எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. நான்கு மணி வரைக்கும் அடியிலேயே படுத்திருப்பாரா? அவள் வேலை போகட்டும் என்றா? பொறுக்க மாட்டாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே போய், சித்தப்பா இல்லாத நேரம் பார்த்துச் சித்தியிடம் கேட்டேன். அவள் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு எறங்கித் தொடலயேன்னு நானும்தாண்டி பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

"அப்பறம் ஏன் கேக்கல?"

"எப்பிடிக் கேக்கறது? எல்லாத்துக்கும் நடுவுல நீ குந்திக்கினு இருந்த. ஒம் மூலமாவா அதக் கேப்பாங்க?" என்று சொல்லி ஒரு வடையை என் கையில் வைத்தாள். எனக்குக் கோபம் போய்விட்டது. நான்கு மணி வரைக்கும் படுத்திருப்பாரா என்பதை மட்டும் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வந்த சனிக்கிழமையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்டவுடன் சித்தப்பா ஜீப்பைக் கழுவினார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "மரக்காணம் பக்கம் பஸ்ஸு ஓடுதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று பொதுவாகச் சொன்னார். இன்னும் ஒரு பஸ்கூட ஓட ஆரம்பிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் முன்சீட்டில் நடுவாக ஏறி உட்கார்ந்தேன். துணைக்கு ஆள் வேண்டாமா?

அம்மா வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "நீ எதுக்குடி? போய் எழுது, படி" என்றாள். தூங்கிடாதே என்று காதில் சொல்லி அனுப்பிய அதே அம்மா. சித்தப்பாவும் வா என்று சொல்லவில்லை. வண்டி தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் அம்மா சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை கட்டாயம் வேண்டியிருந்த துணை சனிக்கிழமை எப்படி வேண்டாமல் போயிற்று? யோசித்து யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் கிடைத்தது. குமிழைத் திருப்பியதைச் சித்தப்பா இன்னும் மன்னிக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இனிமேல் எந்த ஜென்மத்திலும் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்று சாமியிடம் சத்தியம் செய்தேன்.